உப்பைத் தொடாத அணைக்காரி

ஒரே ஒரு ஊர்ல, ஆறு கடல்ல சேர்ற எடத்துக்குக் கொஞ்சம் மேல, ஒரு சின்ன பலகை அணை இருந்துச்சாம். ராஜா கட்டுனதுன்னு கல்லுல வெட்டியிருக்கும், நம்பாதீங்க. மண்ணு சொமந்தது பூரா ஊர்ச்சனம். அப்பல்லாம் ஆத்துத் தண்ணி எளநி மாதிரி இருக்கும், கடைசி வயல் வரைக்கும் பாயும்.

அந்த அணைக்குக் காவல் வேம்பாயி. கடல் ஏறுற நேரத்துக்கெல்லாம் எறங்கி ஒரு கை தண்ணி அள்ளி நாக்குல வச்சுப் பாப்பா. லேசாக் கரிச்சாலும் கடல் தண்ணி உள்ள ஏறாம பலகைய எறக்கிடுவா. அந்த நாக்கு மழுங்கிடக் கூடாதுன்னு இருபது வருஷமா உப்பில்லாத கஞ்சிதான். பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் கொழம்பு மணந்தா மூக்கப் பொத்திக்குவா பாவம். அதனால அம்மன் கோயில்ல மொதப் பரிவட்டம் அவளுக்கு.

ஊர் மணியக்காரர் திருமேனிக்கு அது பொறுக்கல. கஞ்சி குடிக்கிறவளுக்கு மொத மரியாதையான்னு அவள எறக்கிட்டு, மச்சான் குஞ்சிதத்தக் காவலுக்கு வச்சாரு.

வேம்பாயி போயி, "அய்யா, காவல எடுத்துக்கங்க. உங்க மச்சான உப்ப மட்டும் விடச் சொல்லுங்க"ன்னா.

"தண்ணிய நக்கிப் பாக்க விரதமா? கழுதகூடப் பாக்கும்."

"பாக்குங்க அய்யா. கழுத கருவாடு திங்காதுல்ல."

மொத நா குஞ்சிதம் கருவாட்டக் கடிச்சுக்கிட்டே தண்ணியப் பாத்தான், இனிப்புன்னான். ரெண்டா நா பாத்தான், இனிப்புன்னான். மூணா நா பாத்தான், அப்பவும் இனிப்புன்னான். பலகை எறங்கவே இல்ல. கதிரு பால் புடிக்கிற நேரம் வேற.

அணைய ஒட்டுன மொத மதகு யாரோடது? மணியக்காரரோடது. எப்பவும் மொதத் தண்ணி தனக்குத்தான்னு புடிச்சு வச்சிருந்தாரு. உப்பும் மொதல்ல அங்கதான் பாஞ்சுது. கதிரு நுனி வெளுத்ததப் பாத்துட்டு வேம்பாயி வாய்க்காத் தண்ணிய வாயில வச்சா, துப்பிட்டு ஓடுனா. அவ பின்னாடி ஊரே ஓடுச்சு, ஓடிப் பலகைய எறக்குச்சு. மத்த வயலெல்லாம் பொழச்சுது.

யாரக் கேட்டு எறக்குனீங்கன்னு மணியக்காரர் வந்தாரு. வேம்பாயி அவரு வயல் தண்ணிய ஒரு கை அள்ளி நீட்டுனா. குடிச்சாரு. கரிப்புத் தாங்காமத் துப்பிட்டாரு.

மூணு வருஷம் அந்த வயல்ல புல்லு மொளைக்கல. உப்பக் கழுவ நல்ல தண்ணி வேணும்னு அவரே அணைக்கு வந்து நின்னாரு. மறுபடி காவலுக்கு வந்திருந்த வேம்பாயி, "தர்றேங்க அய்யா. கடைசி வயலும் பாஞ்சு முடிஞ்சப்புறம்"னா.

ஆத்தக் காத்தவ நல்லா இருந்தா, அடுத்தவ மரியாதையப் பறிச்சவரு வரிசையில நின்னாரு. கத கடலோட போச்சு, கேட்டவங்க கரையேறுங்க.