முழங்காலை இறக்கிய ஊர்

மொட்டப்பாறைப்பட்டியில் ஆட்களுக்குக் குறைவில்லை. மூளைதான் எல்லாருக்கும் பத்தவில்லை. ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு அடியில் பதினெட்டு வருடம் சுரங்கம் தோண்டினார்கள். கல் தீர்ந்ததும் தோண்டினவர்கள் போய்விட்டார்கள். மேலே நிலம் பள்ளம் விழுந்து கிடந்தது. அதைப் பழையபடி ஆக்கத் திட்டத்தோடு ஓர் அதிகாரி வந்தார். மண் போட்டு நிரப்ப வேண்டும், புல் விதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், புல் முழங்கால் உயரம் வரும்வரை ஓர் ஆடுகூட உள்ளே போகக் கூடாது. சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார்.

கேட்டுக்கொண்டு நின்றவர்களில் காமாயியும் ஒருத்தி. அவளுக்கு இருபத்திரண்டு ஆடு. வேறு மேய்ச்சல் கிடையாது. பசியில் அவை அவள் வீட்டுக் கூரையைத் தின்ன ஆரம்பித்திருந்தன.

நிரப்பினார்கள், விதைத்தார்கள். தினமும் என்று சொன்னாரே, அதனால் அடைமழையிலும் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். புல் கணுக்கால்வரை வந்து நின்றுகொண்டது.

ஊர் கூடியது. யாருடைய முழங்கால் என்பதிலேயே பொழுது போனது. சொன்னவர் முழங்கால்தான் கணக்கு, ஆனால் அதை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார் என்று வருத்தப்பட்டான் ஒச்சப்பன். காமாயியின் கொழுந்தன், ஆறடி ஆள்.

காமாயிக்குப் பொறுக்கவில்லை.

"புல்லு ஏறலேன்னா முழங்காலை இறக்க வேண்டியதுதானே? இதுக்கு ஒரு கூட்டமா?"

அப்படி ஒரு யோசனை ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. உடனே குழி வெட்டி ஒச்சப்பனை இறக்கினார்கள். புல் சரியாக முழங்காலைத் தொட்டது. ஆடுகள் உள்ளே போயின.

மத்தியானம் ஒச்சப்பன் குழிக்குள்ளிருந்து கவலையாகச் சொன்னான்: "மதினி, புல்லு எறங்கிருச்சு."

இன்னும் ஒரு சாண் வெட்டினார்கள். மற்ற மூலைகளையும் அளக்க வேண்டுமே என்று மேலும் நாலு குழி, நாலு ஆள். ஆடுகள் கொழுத்தன.

வாரக் கடைசியில் அதிகாரி வந்தார். ஐந்து குழியையும் எட்டிப் பார்த்தார். பிறகு, நாளைக்குள் ஒரு குழிகூட இருக்கக் கூடாது, இருந்தால் ஆட்டை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காமாயி மண்வெட்டி எடுத்தாள். ஐந்து பேரும் மேலே ஏறப் பார்த்தார்கள்.

"ஏறினா புல்லு குட்டையாயிரும். அப்படியே நில்லுங்க."

நியாயம்தான் என்று நின்றார்கள். அவர்கள் நின்றபடியே முழங்கால்வரை மண் தள்ளிக் குழிகளை மூடி மிதித்துவிட்டாள்.

மறுநாள் நல்ல மழை. அதிகாரி வந்தபோது ஒரு குழிகூட இல்லை. காமாயி குடை பிடித்துக்கொண்டு வரிசையாகத் தண்ணீர் ஊற்றி வந்தாள். ஒச்சப்பன் பதறிப்போனான்.

"மதினி, எங்க பக்கம் ஊத்திராதீங்க. நாங்க வளந்துட்டா முழங்காலு மேல போயிரும்."