மடத்துக் கரை

அந்த மடத்தில் குருவைவிடச் சீடர் இருபது வயது மூத்தவர். பெயர் மாசிலாமணி. கட்டட மேஸ்திரியாக இருந்து, போதுமடா சாமி என்று மடத்துக்கு வந்தவர். வந்தும் கை சும்மா இருக்குமா?

மடத்தை ஒட்டி ஒரு காட்டாறு. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் மடைப்பள்ளிவரை வந்துவிடும். மூட்டைகளைப் பரணில் ஏற்றிவிட்டு, வடியும்வரை எல்லாரும் பேசாமல் இருப்பார்கள். மாசிலாமணிக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"இதைத் தடுக்க வழியே இல்லையா, சாமி?"

"வந்து சொல்றேன்" என்று குரு யாத்திரை கிளம்பிவிட்டார்.

மாசிலாமணி காத்திருக்கவில்லை. "காணிக்கையா தேங்காய் பழம் வேண்டாம், ஆளுக்கொரு கூடை மண் கொண்டு வாங்க" என்று பக்தர்களிடம் சொன்னார். சனம் குவிந்தது. அக்கரைத் தெருவில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள் செண்பகமும் கைக்குழந்தையோடு வந்து ஒரு கூடை கொட்டினாள். மடத்துப் பக்கம் ஆற்றோரமாக ஆள் உயரத்துக்குக் கரை எழும்பியது.

மழை கொட்டியது. காட்டாறு இரைந்தது. மடைப்பள்ளியில் ஒரு சொட்டு ஈரமில்லை! மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. குரு திரும்பிவிட்டார் என்று கேட்டதும் சொல்ல ஓடினார்.

குரு கரைமேல் நின்று மண்வெட்டியால் கரையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயையோ! சாமி! என்ன காரியம் பண்றீங்க?"

கரை உடைந்தது. செம்மண் தண்ணீர் திமுதிமுவென்று மடத்துக்குள் பாய்ந்தது. அரிசி மூட்டைகள் தரையிலேயே இருந்தன. மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊரே சுமந்த மண்ணு சாமி! உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

குரு நிமிராமல் அக்கரையைக் காட்டினார்.

மாசிலாமணி பார்த்தார். தெருவையே காணோம். தண்ணீருக்கு மேல் கூரைகள் மட்டும் தெரிந்தன. ஒரு கூரைமேல் செண்பகம், குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒருநாளும் வெள்ளம் போனதில்லையே, சாமி! எங்கப்பன் காலத்திலகூடப் போனதில்லையே!"

குரு மண்வெட்டியை அவரிடம் நீட்டினார்.

"அப்பல்லாம் அது இங்க வந்துக்கிட்டிருந்துச்சு. வெட்டுங்க."