மொட்டைமாடிப் பிரசவம்

கோவில்பட்டி காய்கறி மார்க்கெட்டில் சொர்ணலிங்கத்தின் குரலுக்குத் தனி மதிப்பு. தக்காளிக் கூடை முன்னால் நின்று அவர் ஏலம் கூறினால், பஸ் நிலையத்தில் டீ குடிக்கிறவனுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். மார்க்கெட்டுக்கு ஒலிபெருக்கி வாங்கலாம் என்று சங்கத்தில் ஒருமுறை பேச்சு வந்தது. "எதுக்கு? அவருதான் இருக்காருல்லா" என்று முடித்துவிட்டார்கள்.

அந்தக் குரலை அவருடைய மகள் வடிவு ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

வீட்டில் அவளோடு பேசுவதெல்லாம் அம்மா செல்லக்கனிதான். தாயும் மகளும் கையாலேயே சண்டை போடுவார்கள், கையாலேயே சமாதானமாவார்கள். சொர்ணலிங்கம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வார். அவள் மகளிடம் சொல்வாள். அப்படியே காலம் ஓடியது.

பிறகு வீட்டுக்குப் பெரிய போன் வந்தது, அதில் வீடியோ கால் வந்தது. ஊருக்கு ஒருவர் இருவராகக் கிடந்த காது கேளாதவர்கள் எல்லாம் முகம் பார்த்துக் கைபேச ஆரம்பித்தார்கள். அதில்தான் வடிவு, திருப்பூர் ரூபனைச் சந்தித்தாள். அவனுக்கும் காது கேட்காது. பேசிப் பேசியே கல்யாணம்வரை கொண்டுவந்துவிட்டார்கள். இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. ஆட்டோ கூப்பிட, மருந்து வாங்க, வாடகை கட்ட என்று எதற்கும் யார் வாயையும் எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. எல்லாம் போனிலேயே முடிந்தது.

சாயங்காலமானால் வடிவு அம்மாவைக் கூப்பிடுவாள். அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அப்பா எட்டிப் பார்ப்பார். அவள் கையை ஆட்டுவாள். அவரும் ஆட்டுவார். ரயிலில் போகிறவர்களுக்கு ஆட்டுகிற மாதிரி.

வடிவு உண்டாகியிருந்த சமயம் ஒருநாள் செல்லக்கனி அடுப்படியில் இருந்தாள். போனை அவர் எடுத்தார். வடிவு வயிற்றைத் தொட்டுத் தொட்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் டீச்சரின் மாடிப்படியில் ஏறினார்.

பேச்சியம்மாளுக்கு அவர் மகளைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். அவளும் பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை. தையல்கடைக்கு மேலே இருந்த அறையில், காது கேட்கிறவர்களுக்குச் சைகைமொழி சொல்லிக்கொடுத்தாள். கரும்பலகையின் உச்சியில் ஒரு வரி எப்போதும் அழியாமல் இருக்கும்: இங்கே வாய்க்கு விடுமுறை.

"வணக்கம் டீச்சர்! எம் பேரு சொர்ணலிங்கம்!" என்றார் அவர், முதல் நாள்.

கீழே தையல் மெஷின்கள் ஒருகணம் நின்று மறுபடி ஓடின. டீச்சர் இமைக்கவில்லை. கரும்பலகையைக் காட்டினாள்.

வாரங்கள் போயின. அவர் விரல்கள் முற்றிய வெண்டைக்காய் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. ஆனாலும் விடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பழகினார். மார்க்கெட்டில் மூட்டை இறங்குவதற்குள் பழகினார். ஆனால் மகள் கூப்பிட்டால் மட்டும் மனைவியின் தோளுக்குப் பின்னால் போய்விடுவார்.

"சரியா வரட்டும். பொறவு ஒரேயடியாப் பேசி அவளை அசத்திருவேன்."

"நீரு அசத்துததுக்குள்ள பேரப்புள்ள பள்ளிக்கூடம் போயிரும்" என்றாள் செல்லக்கனி.

பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்கூட்டியே போய் உடன் இருக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லக்கனி திருப்பூர் பஸ் ஏறினாள். சின்ன பட்டன் போனை அவள் எடுத்துக்கொண்டாள். பெரிய போனை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அவர் வகுப்புக்குப் போனார். பாடம் ஆரம்பிக்குமுன் டீச்சர் முன்னால் நின்று, மறந்துபோய் வாயைத் திறந்துவிட்டார்.

"டீச்சர், நான் எம் மககிட்ட எப்பதான் சரியாப் பேசுவேன்?"

டீச்சர் அவர் உதட்டைப் படித்தாள். 'கையால் கேளுங்கள்' என்று காட்டினாள்.

அவர் கேட்டார். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. பக்கத்தில் இருந்த ஜெபராணி, தன் குழந்தைக்காகப் படிக்க வருகிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணாச்சி, 'எம் மகளை எப்பப் பொரிப்பேன்'னு கேட்டிருக்கீங்க."

அவரும் சிரித்துவிட்டார். அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

திரையில் மருமகன் ரூபனின் முகம். வியர்த்து வழிந்தது. அவன் கைகள் பறந்தன. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சட்டென்று போன் வேறொரு கைக்கு மாறியது. முகமூடி போட்ட ஒரு நர்ஸ்.

"ஏனுங்க, வடிவுக்கு நீங்க அப்பாங்களா? வலி வந்துருச்சுங்க. நாங்க கேக்கறது அவங்களுக்குப் புரியலை. எழுதிக் காட்டுனோம், வலியில படிக்க முடியல. வீட்டுக்காரரைப் பிரசவ அறைக்குள்ள விடமாட்டாங்க. அவங்க பாஷை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க! இருக்காங்க!"

செல்லக்கனி இன்னும் பஸ்ஸில்தான் இருப்பாள். போனை டீச்சர் கையில் திணித்தார். "டீச்சர், நீங்க பேசுங்க! எம் புள்ள! நீங்க பேசுங்க!"

டீச்சர் திரையைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த வடிவைப் பார்த்தாள். ஒரு கையால் ஏதோ சொன்னாள். வடிவு தலையசைத்தாள். பிறகு டீச்சர் தன் போனில் விறுவிறுவென்று தட்டினாள். திருப்பூரில் சைகை தெரிந்த யாராவது அந்த ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா என்று தன் குழுவில் கேட்டாள். நொடியில் பதில் வந்தது: 'கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் நெரிசல்.'

அதை அவரிடம் காட்டினாள். அவர் பெருமூச்சு விட்டு உட்காரப் போனார். டீச்சர் விடவில்லை. அவர் போனை ஜெபராணியிடம் கொடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். தான் ஜெபராணியின் முதுகுக்குப் பின்னால் போய், சாக்கட்டியும் சின்னக் கைப்பலகையுமாக நின்றுகொண்டாள்.

அவருக்குப் புரிந்தது. டாக்டரின் குரல் டீச்சருக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும்.

"டீச்சர், பிரசவ அறை. நான் ஆம்பளை..."

போனுக்குள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "முகம் மட்டும்தான் தெரியும் ஐயா. பேசுங்க. பனிக்குடம் எப்ப உடைஞ்சுதுன்னு கேளுங்க."

பனிக்குடம்! அந்தச் சொல்லுக்கு அவரிடம் கை இல்லை. டீச்சரைப் பார்த்து வாயை அசைத்தார். டீச்சர் செய்து காட்டினாள். அவர் அதைப் பார்த்து மகளுக்குச் செய்தார். வடிவு பதில் சொன்னாள். அந்தப் பதிலை அவர் அப்படியே தன் கையால் டீச்சருக்குச் செய்தார். டீச்சர் பலகையில் எழுதினாள்: விடியும்போது.

"விடியும்போது!" என்று கத்தினார்.

"சத்தம் போடாதீங்க ஐயா, எனக்குக் காது கேக்கும்" என்றார் டாக்டரம்மா. "குழந்தை அசையுதா?"

கை டீச்சரிடமிருந்து வந்தது, மகளிடம் போனது, மகளிடமிருந்து வந்தது, டீச்சரிடம் போனது. ஏலம் மாதிரிதான் இருந்தது. யார் கை எங்கே உயருகிறது என்று நாலு பக்கமும் கண் ஓடியது.

"அசையுது!"

"எந்த மருந்தாவது அவங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

வடிவு சொல்லத் தொடங்கினாள். கை பாதியில் அந்தரத்தில் நின்றது. முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

டீச்சர் மேலே விரலைக் காட்டினாள். மொட்டைமாடி!

வகுப்பே ஏறி ஓடியது. காயப்போட்டிருந்த வத்தலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றார்கள். வெயிலில் திரை தெரியவில்லை. ஒருவர் குடை பிடித்தார். ஒருவர் கொடியில் கிடந்த போர்வையை உருவி விரித்துப் பிடித்தார். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. வடிவின் முகம் பளிச்சென்று வந்தது.

"வந்துட்டா!" எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். வாய்க்கு விடுமுறை என்பது யாருக்கும் நினைவில்லை.

மருந்துக்கும் பதில் வந்தது. டாக்டரம்மா, "இனி நான் சொல்றப்ப முக்கச் சொல்லுங்க" என்றார். அதற்கும் கை வந்தது.

அடுத்த வலிக்கு இடையில் வடிவு கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்து, நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நடுங்க வைத்தாள். டாக்டர் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அவர் வழக்கம்போல அதைத் தன் கையால் டீச்சருக்குச் செய்து காட்டினார். பதிலுக்குக் காத்திருந்தார்.

டீச்சர் சாக்கட்டியைப் பையில் போட்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"டீச்சர்!"

அசையவில்லை.

"டீச்சர், பயமாயிருக்குங்கா! என்ன சொல்லட்டும்?"

டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரையில் வடிவு காத்திருந்தாள்.

அவர் தன்னைத் தொட்டார். நின்றிருந்த தரையைக் காட்டினார். இல்லை என்று கையை வீசினார். மறுபடி தன்னைத் தொட்டு, போனுக்குள்ளே, மகள் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டைக் காட்டினார். 'நான். இங்கே இல்லை. அங்கே.' மறுபடி காட்டினார். 'நான். அங்கே.'

இலக்கணமும் இல்லை, அழகும் இல்லை. தலைமாட்டைக் காட்டிய வேகத்தில் ஜெபராணியின் மூக்கில் இடித்துக்கொண்டார்.

அத்தனை வலியிலும் வடிவு சிரித்தாள். அவர் காட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப! முக்கச் சொல்லுங்க!"

சொன்னார். கையால் சொன்னார், முகத்தால் சொன்னார், தானே முக்கினார். எதிர்மாடியில் துணி உலர்த்த வந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கோவில்பட்டியின் பெரிய தொண்டை, சத்தமே இல்லாமல் இரண்டு கைகளையும் வீசி ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க! முக்க வேண்டாம்! குழந்தை கழுத்துல கொடி சுத்தியிருக்கு, நிறுத்தச் சொல்லுங்க!"

டீச்சரைப் பார்க்க நேரமில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மகளின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். கல் மாதிரி நிறுத்தினார். வடிவின் கண்கள் அந்தக் கைகளில் ஒட்டிக்கொண்டன. வலி அவளை உலுக்கியது. அவள் முக்கவில்லை. அவர் வாயைக் குவித்து ஊதினார். ஊ, ஊ, ஊ. அவளும் ஊதினாள். மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் ஊதினார்கள்.

"கொடியை எடுத்தாச்சு. இப்ப மெதுவா... மெதுவா முக்கட்டும்."

அவர் கைகள் மெதுவாக இறங்கின.

அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. போனுக்குள் ஏதோ பாத்திரம் உரசியது. சொர்ணலிங்கம் காதைப் போன் பக்கம் சாய்த்தார்.

கேட்டது.

வடிவு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன, என்ன என்று புருவத்தால் கேட்டாள். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக இறங்கியது. அவர் தன் தொண்டையைத் தொட்டார். வாயை அகலத் திறந்தார். கைகளை எட்டிய மட்டும் விரித்தார். 'அழுகிறது! என்னை மாதிரி! இவ்வளவு!'

டாக்டரம்மா, "பொண்ணுங்க ஐயா" என்றார்.

அவர் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார். "பொம்பளப் புள்ள!" என்று தெருவுக்குச் சொன்னார். மார்க்கெட்டுக்கும், பஸ் நிலையத்துக்கும், அதற்கப்பால் உள்ளவர்களுக்கும் அது கேட்டது.

திருப்பூரில் நெரிசலைக் கடந்து டீச்சருக்குப் பதில் அனுப்பிய பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இனித் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜெபராணி கீழே போய்ச் சர்க்கரை வாங்கிவந்தாள். மாடியில் இருந்த எல்லோரும் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை போட்டார்கள்.

கூட்டம் இறங்கிய பிறகு அவரும் டீச்சரும் மட்டும் தொட்டியருகே நின்றார்கள். அவர் கையாலேயே, திக்கித் திக்கி, கேட்டார்.

'டாக்டர் கேட்டதுக்கெல்லாம் கை கொடுத்தீர்கள். எம் பிள்ளை பயம் என்று சொன்னபோது ஏன் கையைக் கட்டிக்கொண்டீர்கள்?'

டீச்சர் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தாள். தொட்டியின் சிமெண்டுச் சுவரில், அவர் தவறாமல் படிக்கும்படி, பெரிது பெரிதாக எழுதினாள்.

'டாக்டரின் சொல் என் கையில் இருந்தது. கொடுத்தேன். உங்கள் சொல் என் கையில் இல்லையே, அப்பா.'