நான்கு டிஸ்க்குகளும் ஒரு கார்டும்

தேவகோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சவரிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு குரு வாய்த்தாள். பெயர் ரஹ்மத். வயது முப்பத்துநான்கு. கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர் டீச்சர் என்பார். அவள் அண்ணே என்பாள்.

ஊரின் பத்தொன்பது வருஷக் கல்யாணப் படங்களை அவர் நான்கு டிஸ்க்குகளில் பிரித்து வைத்திருந்தார். லினக்ஸ் அவற்றை ஒரே தொகுப்பாக நடத்திவந்தது. ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து மீட்டுவிடலாம்.

அன்று காலை ஒன்று செத்தது. புதியதைச் சொருகினார். நிரப்பி முடிக்க முப்பத்தேழு மணி நேரம் என்றது திரை. அதற்குள் இன்னொன்று போனால் அத்தனை படமும் போச்சு. ரஹ்மத்தை ஸ்டூடியோவுக்கு வரவழைத்தார்.

"டிஸ்க் புதுசு. லினக்ஸ் மேலயும் குத்தமில்லைங்கிறீங்க. அப்புறம் ஏன் டீச்சர் இப்படி நொண்டுது?"

ரஹ்மத் முதலில் நிரப்புவதை நிறுத்திவைத்தாள்.

"ஒரு டிஸ்க்கை மட்டும் படிக்க விடுங்க."

நொடிக்கு நூற்றிருபது எம்.பி. வந்தது.

"இப்ப ரெண்டு, ஒரே நேரத்துல."

ஆளுக்கு அறுபது.

"நாலையும்."

ஆளுக்கு முப்பது. சவரிமுத்து விரல் விட்டுக் கூட்டினார். எப்படிக் கூட்டினாலும் நூற்றிருபதுதான்.

"எதுல சொருகியிருக்கீங்க?"

"கார்டுலதான். ஊர்க் கல்யாணமாச்சே, மதர்போர்டோட சும்மா வந்த இடத்துலயா வைக்கிறது? டிஸ்க் சொருகவே தனியா ஒரு கார்டு வாங்கி, அந்தப் பழைய ஸ்லாட்டுல…"

ரஹ்மத் சிரித்துவிட்டாள். "ஒரே சந்துல நாலு மாப்பிள்ளை ஊர்வலம் விட்டிருக்கீங்க. மெஷினை அணைங்க. போர்டுல ஆளுக்கொரு தெரு இருக்கு, அதுக்கே மாத்துவோம்."

அணைத்தார். நான்கு கேபிளையும் உருவிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு குறிக்கவே இல்லையே டீச்சர்!"

"நானும் குறிக்கல. கைக்கு வந்ததைச் சொருகுங்க."

"விளையாடாதீங்க. பாதிப் பேர் ஆல்பம்கூட வாங்கிட்டுப் போகல. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"சொருகுங்கண்ணே."

சொருகினார். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார். திறந்தபோது தொகுப்பு எழுந்து, விட்ட இடத்திலிருந்து நிரம்பிக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரம் என்றது திரை.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் இடம் மாறிப்போச்சு. பிறகு எப்படி ஒண்ணு சேர்ந்துச்சுங்க?"

"எந்தக் குடும்பம்னு ஒவ்வொண்ணுலயும் லினக்ஸ் எழுதி வச்சிருக்கு. எந்த வாசல் வழியா வந்தோம்னு அதுங்க பார்க்கிறதில்லண்ணே," என்றாள் ரஹ்மத். "கூட யார் யார் வந்திருக்காங்கன்னுதான் பார்க்கும்."