போன தண்ணீர்

சிவகாமி அம்மாவின் ஆசிரமத்தில் பூஜைக்கு வைத்திருந்த வெள்ளிச் செம்பைக் காணவில்லை. அம்மா அன்று வெளியூரில் இருந்தார். சீடர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் நமச்சிவாயம். அம்மாவைவிடவே வயதில் பெரியவர். அவர் யாரையும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மாலை பூஜை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"பாத்திரம் தேய்க்கிற செல்லக்கிளி நாளையிலேர்ந்து வரவேண்டாம். செம்பு எங்கேன்னு அவளுக்குத் தெரியும்."

தெருவே கேட்டது.

பிறகு செம்பு அவருடைய அறையிலேயே, சால்வைக்கு அடியில் கிடைத்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? செல்லக்கிளியின் வீட்டு வாசலுக்குப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதோடு காதாக மன்னிப்புக் கேட்டார். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா திரும்பியதும் நமச்சிவாயம் அவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இங்கிலீஷ்ல 'வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்'னு சொல்வாங்க அம்மா. பாலத்துக்கு அடியில போன தண்ணி. முடிஞ்சதை விட்டுடணும்னு அர்த்தம். அவளுக்கு விளக்கிக்கூடச் சொன்னேன். ஏன் புரிஞ்சுக்க மாட்டேங்கிறா?"

அம்மாவின் முகம் சிவந்தது.

"கடைத்தெருவுக்குப் போங்க. பாத்திரம் தேய்க்கச் செல்லக்கிளியை வச்சுக்கலாமான்னு கேட்டுட்டு வாங்க."

மளிகைக் கடையில் நின்றிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"அவளையா? வீட்டுல சாமான் தங்குமா சார்?"

கடைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அவ பொண்ணு பள்ளிக்கூடமே போறதில்லையாம். எல்லாப் பிள்ளைகளும் 'செம்பு, செம்பு'ன்னு கூப்பிடுதாம்."

நமச்சிவாயம் வேகமாக ஆசிரமத்துக்குத் திரும்பினார்.

"ரொம்ப மோசமாப் பேசுறாங்க அம்மா. கேக்கவே சகிக்கலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா?"

"செம்பு உங்க ரூம்லதான் இருந்துச்சுன்னு சொன்னீங்களா?"

அவர் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்தார்.

"வாயில்லையா உங்களுக்கு? அவளைத் திருடின்னு உங்க முகத்துக்கு நேரா சொல்லியிருக்காங்க. கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

"கடையில நாலு பேர் இருந்தாங்க அம்மா. எப்படிச் சொல்றது..."

"அப்போ தண்ணி எங்கேயும் போகலை. நீங்கதான் இன்னும் அவ வீட்டுக்குள்ள ஊத்திக்கிட்டே இருக்கீங்க."