குமிழி வந்தால் மாற்று

ஜனவரி 29, காலை ஆறேகால் மணி. கோத்தகிரியில் ஒரு சின்ன விடுதி. அதில் ஊழியர்கள் மூன்று பேர். தலையில் நல்லெண்ணெய் வழிய, ஏழாம் எண் அறையின் குளியலறையில் துண்டோடு நடுங்கிக்கொண்டிருந்தவர் பெயர் சிவநேசன். பத்தரை மணிக்கு அவருக்குக் கல்யாணம். கேஸ் ஹீட்டரில் தீ பற்றவில்லை.

மேனேஜர் லூர்துசாமி மேட்டுப்பாளையத்து மெக்கானிக்கைப் போனில் பிடித்தார். வால்வில் கோளாறு இருக்கலாம், சோப்பு நுரையைப் பூசிப் பாருங்கள் என்றார் மெக்கானிக்.

“குமிழி வந்தா லீக்குங்க. உடனே மாத்திடுங்க. குமிழி வராத ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் விடாதீங்க. லீக்காகிறதை நெருப்புக்கிட்ட கொண்டுபோயிடாதீங்க.”

லூர்துசாமி இதை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

அறைகளைச் சுத்தம் செய்யும் கனகசபை, ஒரு பக்கெட் நிறைய நுரை அடித்து வந்து வால்வே தெரியாதபடி அப்பினார். குமிழி வந்தது. ஆயிரக்கணக்கில் வந்தது. கழற்றிவிட்டு ஸ்டோரில் இருந்த புது வால்வைப் போட்டார்கள். அதிலும் குமிழி. மற்ற ஆறு அறைகளின் வால்வுகளையும் கொண்டுவந்து பார்த்தார்கள். ஊரில் ஒரு வால்வும் யோக்கியமாக இல்லை என்று முடிவானது.

அப்போதுதான் கனகசபை தன் முழங்கையைக் கவனித்தார்.

“சார், எனக்கும் குமிழி வருதுங்க.”

லூர்துசாமி தாளைப் பார்த்தார். வால்வுக்கு மட்டும் என்று அதில் இல்லை. வாட்ச்மேன் சடையன், கனகசபையின் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துத் தூர வைத்தார்.

“எத்தனை நாளா லீக்கு?”

“தெரியலீங்க. வீட்ல யாரும் சோதிச்சதில்லை.”

இதற்குள் பொறுமை இழந்த சிவநேசன், பச்சைத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு சோப்புப் போட ஆரம்பித்திருந்தார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். தலையிலிருந்து கால்வரை குமிழி.

“கல்யாணத்துல ஹோமம் இருக்குதுங்க சார்,” என்றார் சடையன்.

தாய்மாமனை வரவழைத்தார்கள். அவர் தாளை இரண்டு தடவை படித்தார். கையெழுத்து இருந்ததால் நம்பினார். எனக்கு ஒன்றும் இல்லை மாமா என்று சிவநேசன் கதறியதற்கு, லீக்காகிறவர்களுக்கு அது தெரியாது என்று கனகசபை தன் அனுபவத்தைச் சொன்னார்.

மாற்றுக்கு, சித்தப்பா மகன் மயில்சாமியை நிறுத்தினார்கள். சோப்பு தீர்ந்துவிட்டிருந்ததால் வெறும் தண்ணீரைப் பூசிச் சோதித்தார்கள். ஒரு குமிழிகூட இல்லை.

மண்டபத்தில் விஷயத்தைச் சொன்னபோது மணப்பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இவரைச் சோதிச்சாச்சுங்களா?”

ஆச்சு என்றார்கள். பத்தரை மணிக்கு மயில்சாமி தாலி கட்டினார். சமையல் அடுப்புக்கு எட்டாத தூரத்தில், காற்றோட்டமான ஓரிடத்தில், கழற்றிய வால்வுகளோடு சிவநேசனையும் உட்கார வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 19 அன்று மெக்கானிக் நேரில் வந்தார். சிலிண்டர் காலி, வால்வுகளில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, பழையதையே எடுத்துப் பொருத்தினார். அதே நாளில் சிவநேசனின் தாய்மாமன் பெண் வீட்டாரைப் பார்த்துப் பேசினார். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.