உலக்கையில் தொங்கிய ஆசனம்

முன்னொரு காலத்தில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்த ஒரு நாட்டை ஆண்ட பூபதிசிங்கன் என்ற அரசருக்குத் தீராத முதுகுவலி வந்தது. சிம்மாசனத்தில் அரை நாழிகைக்கு மேல் உட்கார முடியவில்லை. தச்சர்கள் தேக்கில் ஒன்றும் சந்தன மரத்தில் ஒன்றும் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். கன்னார் வெண்கலத்தில் ஒன்று வார்த்தார். எல்லாம் பார்க்க நன்றாக இருந்தன, உட்கார்ந்தால் வலித்தது. அலுத்துப்போன அரசி, ஊர்ப் பெண்களைக் கேட்டால் வீட்டில் கிடக்கும் பழந்துணியை வைத்தே இதைவிட நல்லதாகச் செய்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பேச்சு அரசரின் மனத்தில் தங்கிவிட்டது. மறுநாள் சபை கூடியதும் கட்டளை பிறந்தது. முதுகு நோகாத ஓர் ஆசனம் வேண்டும். அதற்கென்று புதிதாக எதையும் வாங்கக் கூடாது. ஒரு வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதைக் கொண்டே செய்ய வேண்டும்.

அந்தச் சபையில் குழைக்காதன் என்றொரு விகடகவி இருந்தான். அரசர் அவன் பேச்சை விரும்பிக் கேட்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே அமைச்சர் அனந்தநாரணருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அமைச்சர் எழுந்து கைகூப்பினார்.

"பிரபு, இந்தக் காரியத்துக்குக் குழைக்காதனே தகுந்தவன். ஆனால் ஆசனம் செய்கிறேன் என்று ஓர் ஏழை வீட்டுச் சாமான்கள் பாழானால் பழி தங்களுக்கல்லவா வரும்? ஆகவே அவன் எதையும் வெட்டக் கூடாது, கிழிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. வேலை முடியும்போது அவன் வீட்டில் ஒரு பொருளும் குறைந்திருக்கக் கூடாது. குறைந்தால் அவன் இந்தச் சபையை விட்டுப் போய்விட வேண்டும்."

அரசருக்கு இந்த நிபந்தனை பிடித்துப்போயிற்று. எட்டு நாள் தவணை கொடுத்தார்.

அன்றைக்கே அமைச்சரின் ஆள் ஒருவன் குழைக்காதன் வீட்டுக்கு வந்து, என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு போனான். அதிக நேரம் ஆகவில்லை. சமையல் பானைகள், ஓர் உலக்கை, ஓரம் பிய்ந்த முறம், கிணற்றுக் கயிறு, இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று, குழைக்காதனின் மனைவி பூரணத்தின் மூன்று பழஞ்சேலைகள். மூன்றில் ஒன்று அவள் இடுப்பில் இருந்தது. இன்னொன்று உத்திரத்தில் தூளியாகத் தொங்கியது. அதில் அவர்களுடைய ஆறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

குழைக்காதன் ஐந்து நாள் யோசித்தான். பானைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் தலையணையை வைத்துப் பார்த்தான். உட்கார்ந்ததும் ஒரு பானை விரிசல் விடும் சத்தம் கேட்டு எழுந்துகொண்டான். சபையில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன், வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். வேலை போனால் வேறு தொழில் ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

ஆறாம் நாள் தூளியை ஆட்டிக்கொண்டே பூரணம் சொன்னாள்: "நாளெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கா. என்னைக்காவது முதுகு நோவுதுன்னு இவ அழுதிருக்காளா, பாருங்க."

குழைக்காதன் தூளியைப் பார்த்தான். பிறகு உத்திரத்தைப் பார்த்தான்.

சேலையைக் கிழிக்கக் கூடாதென்று அவள் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் தூளிச் சேலையை அவிழ்த்து, அதையும் மீதமிருந்த சேலையையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, அவற்றின் இரு தலைப்புகளையும் உலக்கையின் இரு முனைகளிலும் கட்டினார்கள். உலக்கையைக் கிணற்றுக் கயிற்றால் உத்திரத்தில் குறுக்காகத் தொங்கவிட்டார்கள். முதுகு சாயும் இடத்தில் தலையணை. முதல் தடவை குழைக்காதன் போட்ட முடிச்சு நழுவி, அவன் தரையில் விழுந்தான். அதன்பிறகு குடம் கட்டும் சுருக்கைப் பூரணமே போட்டாள். தண்ணீர் நிறைந்த மூன்று பானைகளை வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். தாங்கியது. முறத்தையும் அந்தக் கயிற்றின் மிச்ச நுனியில் கட்டி மேலே தொங்கவிட்டார்கள். உட்கார்ந்தபடியே இழுத்தால் காற்று வந்தது.

எட்டாம் நாள் குழைக்காதன் வெறுங்கையோடு சபைக்குப் போனான். ஆசனம் எங்கே என்று அமைச்சர் கேட்டார்.

"வீட்டில் இருக்கிறது, ஐயா. அதைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால் என் வீட்டில் குறைந்துவிடுமே. அரசர் பெருமான்தான் எழுந்தருள வேண்டும்."

அமைச்சரையும் அழைத்துக்கொண்டு அரசர் புறப்பட்டார். குனிந்து அந்தச் சிறிய வீட்டுக்குள் நுழைந்து, தொங்கும் சேலையைச் சந்தேகத்தோடு பார்த்து, மெல்ல உட்கார்ந்தார். துணி அவர் உடம்புக்குத் தக்கபடி வளைந்து கொடுத்தது. முறக் கயிற்றை இழுத்தார். சற்று நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அமைச்சர் நின்றே காத்திருந்தார். ஒரு நாழிகை ஆகியும் அரசர் எழுந்திருக்கவில்லை.

எழுந்ததும், இதை அப்படியே அரண்மனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்றார்.

குழைக்காதன் கைகட்டி நின்றான். "எடுத்துப் போகலாம், பிரபு. ஆனால் இரண்டு சேலையும் ஓர் உலக்கையும் குறைந்த குற்றத்துக்கு நான் சபையை விட்டுப் போக நேரும்."

அரசரின் மனம் அறிந்து நடக்க நினைத்த அமைச்சர், அரசர் விரும்பிய பின் பழைய நிபந்தனை எதற்கு என்று முந்திக்கொண்டு சொன்னார். சொன்ன பிறகுதான் தாம் வைத்த பொறியைத் தாமே அவிழ்ப்பது அவருக்கு உறைத்தது. உடனே, இல்லை, கட்டளை கட்டளைதான் என்று மாற்றிப் பேசினார்.

"அமைச்சர் சொல்வது சரி," என்றான் குழைக்காதன். "கட்டளை அப்படியே இருக்கட்டும். என் வீட்டில் எதுவும் குறையக் கூடாது என்றுதான் அவர் சொன்னார். கூடக் கூடாது என்று சொல்லவில்லை. இங்கிருந்து போகும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக வேறொன்று வந்துவிட்டால் குறைவு ஏது? ஏழை வீட்டுச் சாமான்கள்மேல் அமைச்சருக்குத்தான் எத்தனை அக்கறை. அவர் வீட்டிலிருந்தே வந்தால் அவர் மனமும் குளிரும்."

அப்படியே ஆகட்டும் என்று அரசர் சிரித்தார். சிரித்த வேகத்தில் மறுபடியும் அந்தச் சேலையில் உட்கார்ந்துவிட்டார். உலக்கை ஆட, அரசரும் ஆடினார். அமைச்சர் தம் சால்வை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார்.

பொழுது சாய்வதற்குள் ஆசனம் அரண்மனைக்குப் போக, அமைச்சர் வீட்டிலிருந்து இரண்டு பட்டுச்சேலைகளும், கயிறும், முறமும், பட்டு உறையிட்ட தலையணையும், வெள்ளிப் பூண் போட்ட ஓர் உலக்கையும் வந்து சேர்ந்தன. பூரணம் உலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டு இருக்கட்டும், நெல் குத்தினால் இந்தப் பூண் நாலு நாளில் நசுங்கிவிடும், இரும்புப் பூண் போட்டது ஒன்று இருந்தால் தரச் சொல்லுங்கள் என்று உலக்கையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதைக் கேள்விப்பட்டு அரசர் இரண்டாம் முறையும் சிரித்தார். அரண்மனை நெற்குத்தும் கூடத்திலிருந்தே நல்ல இரும்புப் பூண் உலக்கை ஒன்றை எடுக்கச் சொன்னார். அதைக் கொண்டுபோன ஆளிடம், கன்றோடு ஒரு கறவைப் பசுவையும் பிடித்துக் கொடுத்து அனுப்பினார்.